கடலைப் பொட்டலமும் குடமும்

“சித்தி, எப்படி அழுத்தினாலும் சுருக்கம் விழுது” என்று அக்கா மகள் கொண்டுவந்து காட்டியது ஒரு கருப்புப் பாய்த் துண்டு. குழந்தை தவழும் வீடுகளில் தரையில் பதிப்பார்களே, விளிம்பெல்லாம் பல் பல்லாக இருந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மெத்தென்ற பாய், அதில் வட்டமாக வெட்டியது. சூடாக்கி எவர்சில்வர் குடத்தின் மேல் கவிழ்த்து அழுத்தியிருக்கிறாள். நடுவில் கொஞ்சம் குடத்தின் வளைவு ஏறியிருந்தது. ஓரம் முழுக்கப் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நின்றது. தலைக்கவசமாக வந்திருக்க வேண்டியது அது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையில் நடக்கும் காமிக் கான் விழாவுக்கு, தான் விரும்பிப் பார்க்கும் அனிமே தொடரின் வாள்வீராங்கனையாகப் போக வேண்டும் என்று ஆறு மாத ஆசை. கையில் சேர்த்து வைத்திருந்தது 1,500 ரூபாய். தைத்துத் தயாராக வரும் உடைக்கு அது போதாது. காஸ்பிளே, அதாவது கதைப் பாத்திரமாக உடையணிந்து வருவது; வெளிநாட்டுக் காஸ்பிளே கலைஞர்கள் பயன்படுத்தும் வொர்ப்லா என்னும், சூட்டில் இளகும் தகட்டுக்கும் போதாது. நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் ரவிக்கையை வீட்டு மிஷினில் நானே தைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே பாடம் என்பது அந்தச் சுருங்கிய வட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே முழுதாக உறைத்தது.

காஸ்பிளே பிறந்ததே வீட்டுத் தையலில்தான் என்று அவளுக்குச் சொன்னேன். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்ற இளைஞர் வருங்கால மனிதனின் உடையில் வந்தார். அதைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸ்; தானும் ஒன்று அணிந்து வந்தார். அப்படி ஓர் உடையை விற்கும் கடை அன்றைக்கு ஏது? ‘காஸ்பிளே’ என்ற சொல் 44 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1983இல் ‘மை அனிமே’ என்ற ஜப்பானிய இதழில் நொபுயுகி தகாஹாஷி அதை எழுதினார். சென்னையின் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது.

சுருக்கத்துக்கு வருகிறேன். கடற்கரையில் கடலை விற்பவர் பழைய தாளை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பொட்டலமாக்குவதைப் பார்த்திருப்போம். தாள் கிழிவதில்லை, கசங்குவதில்லை. ஓட்டலில் நெய் தோசையைக் கூம்பாக நிறுத்தி வைப்பதும் அப்படித்தான். அதே தாளைப் பந்தின் மேல் சுற்றிப் பாருங்கள். எங்காவது மடிந்தே தீரும். காரணத்தை 1827இல் ஜெர்மன் கணிதமேதை காஸ் நிறுவினார். ஒரு பரப்பை இழுக்காமல், சுருக்காமல், வளைக்க மட்டும் செய்தால் அதனிடம் ஓர் அளவு மாறவே மாறாது. ஒரு புள்ளியில் பரப்பு எந்தத் திசையில் மிக அதிகமாக வளைகிறது, எந்தத் திசையில் மிகக் குறைவாக வளைகிறது என்று பார்த்து, அந்த இரண்டு வளைவுகளையும் பெருக்கினால் வருவதுதான் அந்த அளவு. தட்டையான தாளுக்கு அது சுழியம். கூம்பிலும் உருளையிலும் ஒரு திசையில் மட்டுமே வளைவு. மறு திசை நேர்கோடு. சுழியத்தால் எதைப் பெருக்கினாலும் சுழியம்தானே? அதனால் தாள் எளிதாகக் கூம்பாகிவிடுகிறது. குடத்தின் வயிற்றிலோ இரண்டு திசையிலும் வளைவு. பெருக்கினால் சுழியம் வராது. தாள் அங்கே போகவே முடியாது. தான் கண்டதில் தானே வியந்துபோன காஸ், அதற்கு லத்தீனில் ‘மிகச் சிறப்பான தேற்றம்’ என்றே பெயரிட்டார். உலக உருண்டையைப் பிசகில்லாமல் தட்டைத் தாளில் வரைய முடியாததும் இதனால்தான்.

கவசம் செய்பவருக்கு இது நேரடியாக உதவும். முன்கைக் கவசம், கால் கவசம், இடைப்பட்டை எல்லாம் கடலைப் பொட்டலங்கள். அளந்து வெட்டிச் சுற்றினால் முடிந்தது. தலையும் தோளும் குடங்கள். மிச்சம் எவ்வளவு வரும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தலைக்கவசத்தின் மேல்பகுதியை 10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து விளிம்புவரை பரப்பின் மேலாக அளந்தால் 15.7 செ.மீ. அந்த ஆரத்தில் பாயில் வட்டம் வெட்டினால் அதன் சுற்றளவு சுமார் 98.6 செ.மீ. வரும். அரைக்கோளத்தின் விளிம்போ 62.8 செ.மீ. மட்டுமே. மிச்சம் ஏறத்தாழ 36 செ.மீ. அவள் பாயில் கொசுவமாக நின்றது அதுதான். சூடான பாய் கொஞ்சம் இழுபடும் என்பதால் நடுவில் மட்டும் வளைவு ஏறியிருந்தது.

ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இந்த மிச்சம் பழக்கமான விஷயம். நெய்த துணி தட்டை. மார்பும் தோளும் அப்படியல்ல. ஆகவே தையல்காரர் டாட் பிடிக்கிறார், அதாவது கூடுதலாக நிற்கும் முக்கோணத்தை மடித்து உள்ளே தைத்துவிடுகிறார். கட்டோரி ரவிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போய், துணியைத் துண்டுகளாகவே வெட்டி வளைந்த விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கிறார். பாயிலும் அதையே செய்தோம். ஆறு டாட், ஒவ்வொன்றும் விளிம்பில் 6 செ.மீ. அகலம், உச்சியை நோக்கிப் போகப்போகக் குறுகும். டாட்டின் பக்கங்களை நேர்கோடாக வெட்டினால் கவசம் கூடாரம் போல முனை கட்டி நிற்கும். அதனால் இரண்டு டாட்டுகளுக்கு நடுவே வரும் இதழின் பக்கங்கள் வாழைப்பூ மடல் மாதிரி சற்றே புடைத்திருக்க வேண்டும். முதலில் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிப் பார்த்தோம். மூன்றாவது முயற்சியில் உருண்டு வந்தது. கண்ணாடி முன் நின்று அதைத் தலையில் வைத்துப் பார்த்தவள் அன்று இரவு அதைக் கழற்ற மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தோளுக்கு இப்படிக் கணக்குப் போட முடியாது, உடம்பு கோளம் அல்ல. அதற்கு காஸ்பிளே செய்பவர்களிடம் ஓர் அருமையான வழி இருக்கிறது. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் உணவுப் பொருள் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்ற வேண்டும். அதன் மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித நாடாவைத் துண்டு துண்டாக ஒட்டி மூட வேண்டும். கவசத்தின் கோடுகளை அங்கேயே பேனாவால் வரைந்து, கத்தரித்து எடுத்தால் தோளின் வளைவு அப்படியே கையோடு வரும். அதைத் தரையில் வைத்து அழுத்தும்போது எங்கே எழும்பி நிற்கிறதோ அங்கே ஒரு வெட்டு. முழுதாகத் தட்டையாகப் படுக்கும்வரை வெட்டிக்கொண்டு போனால் அதுவே மாதிரித் தாள். வெட்டும் முன் கோட்டின் குறுக்கே சின்னச் சின்ன அடையாளங்கள் போட்டுவிட வேண்டும். எதோடு எது சேரும் என்பதைப் பிறகு அவைதான் சொல்லும். இதற்கான செலவு ஒரு நாடாச் சுருள்.

டாட் இல்லாமலே உடம்பைத் தழுவும் துணியும் உண்டு: திருப்பூர் பனியன் துணி. நெசவில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடக்கின்றன. பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கிறது; இழுத்தால் கண்ணிகள் உருமாறி வழிவிடுகின்றன. காஸின் தேற்றம் இழுக்காமல் வளைப்பதைப் பற்றியது. இழுபடும் துணியை அது கட்டுப்படுத்தாது. பழைய ஐரோப்பிய வீரர்களின் சங்கிலிக் கவசமும் இந்தக் குடும்பம்தான், இரும்பு வளையங்களால் ஆன பின்னல். ஆர்தர் மன்னர் கதையை வைத்து மான்ட்டி பைத்தான் குழுவினர் எடுத்த படம் 1975இல் வந்தது. அவர்களிடம் பணம் குறைவு. குதிரைக்கு வழியில்லாமல், இரண்டு தேங்காய் ஓடுகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பியபடி நடந்தே வந்தார்கள். திரையில் சங்கிலிக் கவசமாகத் தெரிவது கம்பளி நூலில் பின்னி வெள்ளி வண்ணம் அடித்தது. உடம்பின் மேல் அது விழுந்து மடியும் விதம் இரும்பு வளையப் பின்னலைப் போலவே இருப்பதால் கண் நம்பிவிடுகிறது. ஆனால் படப்பிடிப்பு ஸ்காட்லாந்தில். கம்பளி இழை, தொட்டால் ஈரமே தெரியாமல், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரை உள்வாங்கக்கூடியது. மழையில் முழுக்க நனைந்தால் கேட்க வேண்டியதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே நடித்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து, பணத்துக்குப் பஞ்சமில்லாத ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்குக்கூட பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக நறுக்கி, கையால் கோத்துத்தான் சங்கிலிக் கவசம் செய்தார்கள். எங்கள் வீராங்கனையின் கழுத்துப் பகுதிக்கு ஒரு பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர் போதுமானதாக இருந்தது.

பாயின் சரக்கு ஈ.வி.ஏ. என்னும் நுரை. எத்திலீனும் வினைல் அசிடேட்டும் கோத்த நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. ஓட்டக் காலணியின் அடித்தட்டும் எடையே இல்லாத வீட்டுச் செருப்பும் பெரும்பாலும் இதுதான். எத்திலீன் மட்டும் இருந்தால் அது பாலித்தீன். சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிப் படிகமாகி விறைத்துக்கொள்ளும். நடுநடுவே வினைல் அசிடேட் துருத்திக்கொண்டிருப்பதால் அடுக்கு கலைந்து பொருள் மெத்தென்று ஆகிறது. தயாரிக்கும்போது, சூட்டில் வாயுவை வெளிவிடும் வேதிப்பொருளைச் சேர்த்துப் பொங்க வைக்கிறார்கள். இட்லியும் பொங்கியதுதான், ஆனால் இட்லியின் துளைகள் ஒன்றுக்கொன்று திறந்தவை, சாம்பாரை உறிஞ்சும். இந்தப் பாயில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே மூடியது.

சூடாக்கும்போது, 70, 80 டிகிரி செல்சியஸை நெருங்கும் இடத்தில், எத்திலீன் பகுதிகளின் சிறு படிகங்கள் உருகிப் பாய் துவள்கிறது. அப்போது வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் படிகங்கள் புதிய வடிவத்திலேயே மறுபடி உறைகின்றன. ஆனால் சங்கிலிகளைக் குறுக்கே கட்டியிருக்கும் வேதிப்பிணைப்புகள் உருகுவதில்லை. அவை தொழிற்சாலையில், பாய் தட்டையாக இருந்தபோது விழுந்த முடிச்சுகள். மீண்டும் சூடு பட்டால் பாயைப் பழைய தட்டைக்கே இழுக்கப் பார்க்கும். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே விட்டுப்போன தோள் கவசம் மெல்ல மெல்ல விரிந்துகொள்ளும். வெட்டி ஒட்டிய வளைவு அப்படிப் போகாது. முடிந்தவரை வளைவை வெட்டிலேயே கொண்டுவந்துவிடு, சூட்டுக்குக் கடைசித் திருத்தத்தை மட்டும் விடு என்று அவளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஹீட் கன் வாங்கக் காசில்லை. காருக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் கேட்டபோது அரை மணி நேரம் தந்தார்கள். சூட்டை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சொரசொரப்பு மறைந்து லேசான மினுமினுப்பு வரும் கணத்தில் விலக்கிவிட வேண்டும். கத்தி பட்டுத் திறந்துபோன குமிழ்கள் அந்தக் கணத்தில் உருகி வாய் மூடிக்கொள்கின்றன. மூடாவிட்டால் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த நுரையின் எடையைச் சொல்ல வேண்டும். 60 செ.மீ. சதுரமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு பாயின் கன அளவு 3.6 லிட்டர், எடை 400 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். தலைக்கவசத்தை 6 மி.மீ. நுரையில் செய்தால் 120 கிராம் போல வரும். அதே பரப்பை 1.5 மி.மீ. எஃகில் செய்தால் 2 கிலோவைத் தாண்டும். தடிமனைக் கூட்டினால் எடை அதே விகிதத்தில்தான் கூடும், ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறும். இரண்டு மடங்கு தடிமனுக்கு எட்டு மடங்கு விறைப்பு. அதனால் மார்புக் கவசத்துக்கு மட்டும் தடித்த பாய். நம் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் இந்தக் கணக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கியவை. மேலே வண்ணமும் கண்ணாடித் துண்டுகளும். துரியோதனன் விடிய விடிய ஆட வேண்டும், தூரத்தில் இருப்பவருக்கு அவன் தங்கமாக மின்ன வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை. கூத்து நடக்கும் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் காஸ்பிளேயை வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

ஒட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளச் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அனுப்பினேன். அவர் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் பசையில் இருப்பது பெரும்பாலும் பாலிகுளோரோப்ரீன், 1930இல் டூபான்ட் ஆய்வகத்தில் கண்டுபிடித்த செயற்கை ரப்பர். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை அவர் பொறுமையாக இருப்பார். பிறகு ஒரே அழுத்து. ஈ.வி.ஏ. நுரையின் குமிழ்கள் மூடியவை என்பதால் கரைப்பான் உள்ளே வழி தேடிப் போக முடியாது. ஒட்டுவதற்கு முன்பே காற்றில் பறந்தாக வேண்டும். அது போனபின் இரண்டு பக்கத்து ரப்பர் சங்கிலிகளும் தொட்டவுடன் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, சேர்ந்து படிகமாகின்றன. அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டியவர்களின் கவசம்தான் விழா நடுவில் வாய் பிளக்கிறது. தெர்மகோலுக்கு இந்தப் பசை ஆகாது, தொட்ட இடமெல்லாம் கரைந்து குழியாகும். அதற்குத் தச்சர்களின் வெள்ளைப் பசை.

இந்த இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். பசையிலிருந்து பறப்பது டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள். 1960களில் ஜப்பானில், வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டிப் பிழைத்த தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் ஹெக்சேனை மாதக்கணக்கில் சுவாசித்ததில் நரம்புகள் கெட்டுப்போயிருந்தன. காஸ்பிளே என்ற சொல் பிறந்த அதே நாட்டில், அதே மாதிரி வீட்டு அறைகளில் நடந்தது இது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. டொலுயீன் ஆவி மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே தரையை ஒட்டித் தேங்கும், நாம் உட்கார்ந்து வேலை செய்வதும் தரையில்தான். கோவிட் காலத்து முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குச் செயலூட்டிய கரி அடைத்த வடிகட்டி வேண்டும். அது வாங்க முடியாதென்றால் மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கம் வராமல் பக்கவாட்டில் வீசும்படி உட்கார வேண்டும். டொலுயீன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். பூஜை விளக்கும், அடுப்பும், ஹீட் கன்னும் கிட்டே வரக்கூடாது. துணியில், வண்ணத்தில், அலங்காரத்தில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், மூச்சில் பிடிக்க வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும் முன் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் இளக்கி மூன்று பூச்சு. காய்ந்தால் வளைந்துகொடுக்கும் தோலாகிவிடும். விறைப்பான எனாமல் பெயின்ட்டை நேராக அடித்தால் முழங்கை மடங்கும் இடத்தில் வெடித்து உதிரும். அதன் மேல் முழுக்கக் கருப்பு. வெள்ளி வண்ணத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் தொட்டு, மேடுகளிலும் விளிம்புகளிலும் மட்டும் தேய்க்க வேண்டும். உலோகம் ஒரு கண்ணாடி. வளைந்த உலோகத்தில் வெளிச்சமான கூரையும் இருண்ட தரையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒரே சீராக வெள்ளி அடித்தால் அந்தப் பளிச்சும் இருட்டும் கிடைக்காமல் சாம்பல் பிளாஸ்டிக் போல இருக்கும். அவள் இதில் கண்டுபிடித்த குறுக்குவழி எனக்கு மிகவும் பிடித்தது. வரைவதற்கான 6பி பென்சிலைச் சுரண்டிப் பொடியாக்கி, கருப்பின் மேல் துணியால் தேய்த்தாள். கிராஃபைட் தகடு தகடாகப் பிரியும் பொருள். தேய்க்கத் தேய்க்கத் தகடுகள் ஒரே திசையில் படிந்து ஒளியைச் சேர்த்துத் திருப்புகின்றன. துப்பாக்கி உலோகத்தின் அதே நிறம் வந்தது.

சென்னைக்கு இன்னொரு கணக்கு மிச்சமிருந்தது. இதையெல்லாம் போட்டுக்கொண்டு நடப்பவரின் உடம்பு 250 வாட் அளவு வெப்பத்தை உண்டாக்கும். அதை வியர்வை ஒன்றே வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு 370 மி.லி. போல ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிப்போகும் வியர்வை குளிர்விப்பதில்லை. மூடிய குமிழ் நுரை உடம்போடு ஒட்டிக் கிடந்தால் ஆவி எங்கே போகும்? ஆகவே கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, அக்குளில் திறப்பு, கழுத்தின் பின்பக்கம் ஸ்வெட்டர் பின்னலுக்குள் மறைத்த திறப்பு. சூடான காற்று மேலே எழும்பி அந்த வழியே போகும், கீழிருந்து புதுக்காற்று ஏறும். தலைக்கவசத்தின் உச்சியில், முகட்டு அலங்காரத்துக்கு அடியில், பழைய கணினியிலிருந்து எடுத்த சிறு விசிறி. பவர் பேங்கில் ஓடியது. உள்ளே பருத்திச் சட்டை. இருந்தும் மணிக்கொரு தடவை கழற்றிவிட்டு உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

விழாவுக்கு முந்தைய நாள் இரண்டு முன்கைக் கவசங்களுக்கும் விளிம்புப் பட்டை குறைந்தது. புதுப் பாய் வாங்கப் பணம் இல்லை. அலமாரி மேல் கிடந்த அந்த முதல் வட்டத்தை, கொசுவம் கொசுவமாகச் சுருங்கியதை, எடுத்துவந்து மறுபடி சூடு காட்டினாள். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் தன் பழைய தட்டைக்குத் திரும்பியது. அதிலிருந்தே நான்கு பட்டைகளையும் வெட்டிக்கொண்டாள்.